சுண்ணாம்பு ஏறிய வழி

எம் தமையனார் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்ற நாளில், சின்னமனூரில் உள்ள எம் இல்லத்து வாயிலில் எந்தையார் தம் கையாலேயே மாவிலைத் தோரணம் கட்டினார். சில ஆண்டு கழித்து, அதே தமையனார் தாம் பணிபுரியும் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியை விட்டு, சரக்கு வரவழைத்து அனுப்பும் பகுதிக்கு மாறினார் என்ற செய்தி வந்தபொழுது, எந்தையார் இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. "வரைபடம் வரையக் கற்றவன் மூட்டை எண்ணப் போனானே!" என்பதே மூன்றாம் நாள் அவர் சொன்ன சொல். யாமும் உள்ளூர அவ்வாறே எண்ணினோம் என்பதை ஈண்டு மறைத்தற்கில்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்குப் பொறியியலின் பெருமை கேள்வியளவே ஆயினும், குமாஸ்தா வேலைக்கும் அதற்கும் உள்ள தூரம் நன்கு தெரியும் என்று இறுமாந்திருந்தோம்.

பாட்டியார் ஒருவரே மறுபக்கம் நின்றார். "யோசேப்பு எகிப்து தேசத்தில் ஏரா பிடித்தான்? களஞ்சியத்தை அல்லவா காத்தான்!" என்று அவர் கேட்டதற்கு எந்தையாரிடம் விடை இல்லை. ஆயினும் அவர் மனம் ஆறவில்லை.

இக்காலத்தார் 'சப்ளை செயின்' என வழங்கும் அத்துறை யாது எனத் தமையனாரையே வினவினோம். எப்பொருளை, எங்கிருந்து, எவ்வளவு, எந்நாளில், எவ்வழியே கொணர்வது. எவ்வளவை முன்கூட்டியே சேர்த்து வைப்பது. வழி அடைபட்டால் மறுவழி யாது என்று இடையறாது எண்ணிக்கொண்டிருப்பதே தம் வேலை என்றார். 2021 மார்ச்சு மாதத்தில் சூயஸ் கால்வாயின் குறுக்கே 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் சிக்கி ஆறு நாள் கிடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பின்னே காத்துக் கிடந்த கப்பல் ஒன்றில் தமையனாரின் ஆலைக்கு வரவேண்டிய எஃகு வளையங்கள் இருந்தனவாம். பகுதியில் இருந்தோர் யாவரும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்க, இவர் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அவ்வளையத்தில் மிக நுட்பமாக அமைய வேண்டியது உள்விட்டம் ஒன்றே என்று கண்டு, கோயம்புத்தூரில் ஒரு கடைசற் பட்டறையில் அவற்றைக் கடைந்து வரச் செய்தார். ஆலை நிற்கவில்லை. அதன் பின்னரே அப்பகுதிக்குத் தலைமை அவர்க்கு வந்தது. வரைபடம் வீணாயிற்று என்று வருந்திய எந்தையாரிடம் இதனை யாம் சொன்னோம். "ஏதோ ஒரு முறை உதவிற்று" என்று முடித்துவிட்டார்.

சென்ற பொங்கல் விடுமுறையில், ஜனவரி 15-ஆம் நாள், குடும்பமாக லோயர் கேம்ப் சென்றோம். அந்நாள், 1841-இல் பிறந்த ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பிறந்தநாள். தேனியை அடுத்த பாலார்பட்டியில் அவர்க்கெனவே பொங்கலிடுவர். தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்குகின்றது. லோயர் கேம்ப் மணிமண்டபம் 2013-இல் திறக்கப்பட்டது. பணம் தட்டியபொழுது அவர் மனைவியின் நகைகளை விற்று அணையை முடித்தார் என்ற கதையைச் சிலையின் முன் ஒரு முதியவர் சிறுவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க இனிக்கும் கதை அது. தமையனாரோ சிலையைப் பாராமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, இந்த மலையில் சுண்ணாம்பு எப்படி ஏறியிருக்கும் என்று பாருங்கள்" என்றார்.

1882-இல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கினிடம் வந்தது. 1887-இல் வேலை தொடங்கிற்று. அணையின் உயரம் 155 அடி, நீளம் ஏறக்குறைய 1,200 அடி. கட்டுவது சுண்ணாம்பும் சுட்ட செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால். கல் அங்கேயே கிடைக்கும், மற்றவை கிடையா. அண்மையில் ஊர் இல்லை, கடை இல்லை. ஆனையும் காய்ச்சலும் உண்டு. அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கிய இயந்திரங்கள் 70 மைலுக்கு மேல் மாட்டுவண்டியில் வரவேண்டும். (தேனிக்கே இருப்புப்பாதை வந்தது 1928-இல்தான்.) சுண்ணாம்புக்கல் அடிவாரத்துக் குருவனூத்தில் வெட்டப்பெற்றது. அதனை ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்துக்கு ஏற்றக் கம்பிக்கயிற்று வழி ஒன்று அமைத்தனர்.

"சுட்ட சுண்ணாம்பு நனைந்தாற் கெடும். முன்னதாகக் குவித்தால் மழை கெடுக்கும். பிந்தினால் கொத்தர்கள் கைகட்டி நிற்பார்கள். காய்ச்சற் காலத்தில் வேலையாட்கள் தங்கமாட்டார்கள். இத்தனைக்கும் நடுவே வெள்ளம் வந்து தற்காலிக அணையை அடித்துக்கொண்டு போயிற்று. இவ்வளவும் ஒருவர் தலையில். வரைபடம் போடுவதோடு அவர் வேலை முடிந்திருக்குமானால், 1895 அக்டோபர் 10-இல் வென்லாக் பிரபு திறந்துவைக்க ஒன்றும் இருந்திராது" என்றார் தமையனார்.

எந்தையார் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. திரும்புங்கால் கூடலூர் அருகே திராட்சைப் பந்தல்களின் ஓரம் பேருந்து சற்று நின்றது. பெட்டிகளில் பன்னீர்த் திராட்சையை அடுக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தனர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. பறித்தபின் நாட்கணக்கில் காத்திராது. எந்தையார் அப்பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாண்டு தொடக்கப்பள்ளியில் கணக்குக் கற்பித்தவர் அவர். திடீரெனத் தம் பையிலிருந்த திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துத் திருப்பி, எம் எழுதுகோலைக் கேட்டு வாங்கினார்.

"ஒரு வண்டிக்கு எத்தனை மூட்டை வைத்துக்கொள்ளலாம்?"

"பன்னிரண்டு வைத்துக்கொள்ளுங்கள், அப்பா."

எழுதினார். சற்று நிறுத்தி, "அந்த மாடுகளுக்கு வைக்கோல்? அதையும் வண்டியில்தானே கொண்டுபோயிருக்கவேண்டும்?" என்றார்.

தமையனார் நகைத்து, "அதைத்தான், அப்பா, நாங்கள் நாள்தோறும் கணக்குப் பார்க்கிறோம்" என்றார்.

உத்தமபாளையம் வருவதற்குள் அழைப்பிதழில் இடம் இல்லாமற் போயிற்று. எம்முடைய யாப்பருங்கலக் குறிப்பேட்டின் கடைசித் தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தோம்.