தொங்கிய சீலிங்கும் உம்மாவின் அறையும்



மாரி முடிந்த கையோடு நம்ம பக்கத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சு, சீலிங் தொங்குது என்று. எங்கட வீட்டில் அது உம்மாவின் அறையில், கட்டிலுக்கு நேர் மேலே. சுவருக்குச் சுவர் நூல் இழுத்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. எட்டுக்கு நாலு ஜிப்சம் போர்ட் ஒன்று 20 கிலோவுக்கு மேல் வரும். வேறு அறைக்கு மாறச் சொன்னால், "வாப்பா மவுத்தான அறை மகன், நான் எங்கயும் போகமாட்டன்" என்று ஒரே பிடி. கடைசியில் கட்டிலை மட்டும் மற்றச் சுவர்ப் பக்கம் தள்ள விட்டார்.

பார்க்க வந்த இரண்டு பாஸ்மாரும் முழுவதையும் கழற்றிப் புதிதாக அடிக்கணும் என்றார்கள். ஏன் தொங்குது என்று யாரும் மேலே பார்க்கவில்லை. மேன்ஹோல் வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தபோது, கூரைச் சீட்டில் ஒரு போல்ட்டின் ரப்பர் வாசர் உக்கிப்போய், அந்த ஓட்டையால் வெளிச்சம் வந்தது. அதோடு போர்ட்டை அடித்தவர் இரண்டு அடிக்கு ஒரு ஸ்குரூதான் போட்டிருந்தார். சீலிங்குக்கு அடிக்கு ஒன்றாவது வேண்டும்.

முதலில் வாசரை மாற்றினோம். (கூரைச் சீட்டில் நேரே மிதிக்க வேண்டாம், பலகை போட்டுத்தான் ஏறணும்.) பிறகு இரண்டு கிழமை காயவிட்டோம். இதில்தான் எல்லாருக்கும் அவசரம். ஈரப் போர்ட்டை மேலே தள்ளினால் வெடிக்கும். அதுவரை 2x2 மரத்தில் 'டீ' எழுத்து மாதிரி ஒரு முட்டு செய்து, தள்ளாமல் தாங்கலாக மட்டும் வைத்தோம். உம்மா அதில் தஸ்பீஹை மாட்டி வைத்துக்கொண்டார்!

காய்ந்த பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். மெதுமெதுவென்று மாவாக உதிர்ந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். எங்களுக்கு இரண்டு அடித் துண்டு ஒன்று போனது, மற்றதெல்லாம் பிழைத்தது.

மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணிவிட்டு, மச்சான் முட்டை மெல்ல மெல்ல உயர்த்த, நான் மரச்சட்டம் ஓடும் கோட்டில் ஒன்றரை அங்குல ஸ்குரூ அடித்துக்கொண்டே போனேன். தலை கடதாசியைக் கிழிக்காமல் சற்று உள்ளே அமர்ந்தால் போதும். போர்ட்டைப் பிடித்திருப்பது அந்தக் கடதாசிதான். அது கிழிந்தால் அந்த ஸ்குரூ வெறும் அலங்காரம்.

ஒரு விசயம்: மழை நேரத்தில் போர்ட் வயிறு மாதிரி உப்பியிருந்தால் உள்ளே தண்ணீர் நிற்குது. அதைத் தள்ளவே வேண்டாம். கரண்டை நிறுத்தி, வாளி வைத்து, ஒதுங்கி நின்று சின்ன ஓட்டை போட்டு வடிய விடுங்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீங்க.

போன வெள்ளிக்கிழமை டேப் ஒட்டி, பூசி, பெயின்ட்டும் அடித்தாச்சு, அல்ஹம்துலில்லாஹ். கட்டில் பழைய இடத்துக்கே போய்விட்டது. முட்டு எங்கட வீட்டுப் பின்பக்கம் சாத்தியிருக்கு, ஒன்பதரை அடி உயரம். தேவையானவங்க வந்து எடுத்துப் போகலாம், பாவிச்சிட்டுத் திருப்பித் தந்தால் சரி.