மணற்காட்டில் ஓர் இரவு

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்து சென்றால் மணற்காடு வரும். பெயருக்கேற்ப எங்கும் மணற்குன்றுகள். அவற்றிடையே மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சிதைந்த சுவர்கள். சித்திரை விடுமுறையில் குழந்தைகளுடன் அக்கரையில் கூடாரமடித்துத் தங்கினோம். அலைவிளிம்புக்கு எட்டவே இடம் காட்டித் தந்தவர் ஊர்ப் பெரியவரான மீனவர் ஒருவர்.

இரவு பத்து மணியளவில் நுரையோரம் ஒரு கரிய உருவம் ஊர்ந்து வந்தது. எங்கள் மகன் ரோச்சை எடுத்தான்.

"ரோச்சை நூரும், தம்பி! வெளிச்சம் கண்டால் அது முட்டையிடாமலே திரும்பிவிடும்" என்றார் பெரியவர்.

இருளில் அசையாதிருந்தோம். கடலாமை மணலைத் தோண்டும் ஓசை மாத்திரம் கேட்டது.

உலகிலுள்ள 7 இனக் கடலாமைகளுள் 5 இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள் இருக்கும். இரண்டு மாதத்துக்குள் வெளிவரும் குஞ்சுகள், கடலின் மேல் தோன்றும் மெல்லொளியை நோக்கி ஓடும். கரையில் வேறு விளக்கு எரிந்தாலோ, அதனை நாடி வழிதவறி மடியும்.

முன்னாளில் யாழ்ப்பாணத்தில் ஆமையிறைச்சி விலைப்பட்டதுண்டு. இன்று சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. ஆயினும், கரையில் தங்குவோர் ஏற்றும் விளக்கை ஒவ்வோர் இரவும் சட்டம் வந்து அணைக்குமா? அது நம் கையில் உள்ளது. ஆதலால் இக்கரைக்குச் செல்லும் குடும்பத்தினர் கூடாரத்தை உள்ளே தள்ளி அடிப்பார்களாக. இருட்டியபின் விளக்கை நூர்ப்பார்களாக. கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவார்களாக. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் கொடுப்பது பெற்றோர் கடன்.