ஒரே ஸ்பீக்கரில் இரண்டு குரல்கள்

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திற்கு ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான். கணினியில், மறைந்த அப்பா பின்பாட்டுப் பாடிய பாரதக் கூத்துகள், கேசட்டிலிருந்து மாற்றியவை. அருகே மகனின் பழைய பிளேஸ்டேஷன் 2. இரண்டையும் சேர்க்க ஒரு ஒய் கேபிள் போதும் என்பார்கள். போதாது. அது ஓர் ஒலியை இரண்டாகப் பிரிப்பதற்கானது. இரண்டை நேராக இணைத்தால் ஒன்றின் வெளியீடு மற்றதற்குச் சுமையாகிவிடும். விளையாட்டு மௌனமாக இருக்கும்போதும் கூத்தின் குரலை விழுங்கும்.

"ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வெச்சிரு தம்பி, ஒண்ண ஒண்ணு அமுக்காது" என்றார் தர்மபுரியில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர். இரு கருவிகளுக்கும் இடம், வலம் என மொத்தம் 4 ரெசிஸ்டர்கள். ஒலி ஏறக்குறைய பாதியாகத் தணிகிறது, குமிழைத் திருப்பிக்கொள்ளலாம். ஸ்விட்ச் வைத்திருந்தால் ஒருவர் கேட்க மற்றவர் காத்திருக்க வேண்டும்.

இப்போது துரியோதனன் வேஷம் திரை விலக்கி வரும்போது பின்னால் பந்தயக் கார்கள் உறுமுகின்றன. அம்மா முகம் சுளிப்பதில்லை. நேற்று மகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "பாட்டி, இதுல பாடறது தாத்தாவா?"