நிலைகொள்ளாத முள்

செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955இல். கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் பிறந்த இந்தச் சிறுவிமானம் 44,000க்கும் மேல் தயாராகியிருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்தவையும் இன்னும் பறக்கின்றன. அவற்றைப் பறக்க வைத்திருப்பவர்களைப் பார்க்க, அந்த ஊர்ப் பக்கம் ஒரு பழுதுபார்ப்புக் கொட்டகைக்குப் போயிருந்தேன்.

அன்று உள்ளே நின்றது எழுபதுகளின் 172 ஒன்று. அம்மீட்டர் முள் ஓயாமல் ஆடுகிறது என்பது விமானியின் புகார். இந்த ரக அம்மீட்டரில் பூஜ்யம் நடுவில் இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் பேட்டரி ஏறுகிறது, மறுபக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. மின்சாரம் போனாலும் இன்ஜின் நிற்காது. தீப்பொறி தருவது மேக்னெட்டோ. ஆனால் ரேடியோவும் விளக்குகளும் போய்விடும். இரவில் அது உயிர்ப் பிரச்சினை.

மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடலாம் என்றார் பயிற்சியிலிருந்த இளைஞர். "முதலில் அளந்து பார், அப்புறம் கழற்று" என்றார் மூத்த மெக்கானிக்.

காரணத்தையும் அவரே விளக்கினார். வோல்டேஜை 14 அளவில் நிறுத்துவது ரெகுலேட்டரின் வேலை. வோல்டேஜ் எவ்வளவு என்று அது பார்ப்பதும், ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் அனுப்புவதும் ஒரே கம்பி வழியாகத்தான். அந்தக் கம்பி ஒரு சுவிட்சையும் சில இணைப்புகளையும் கடந்து வருகிறது. வழியில் ஒரு தொடுமுனை கருத்துப்போனால் அங்கே வோல்டேஜ் விழும். குறைந்துவிட்டது என்று ரெகுலேட்டர் கூடுதலாக அனுப்பும். அனுப்ப அனுப்ப வீழ்ச்சியும் கூடும். அளவு மிஞ்சியதும் சட்டென்று நிறுத்தும்; வீழ்ச்சி மறையும். இந்த ஏற்ற இறக்கம்தான் முள்ளின் ஆட்டம். முள் பொய் சொல்லவில்லை.

இன்ஜினை ஓட்டாமல் மாஸ்டர் சுவிட்சை மட்டும் போட்டார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை மின்பட்டையில், மறுமுனை ரெகுலேட்டரின் வாசலில். இருக்கக்கூடாத அளவுக்கு வித்தியாசம் காட்டியது. பிறகு இணைப்பு இணைப்பாக அளந்தார் இளைஞர். பிரேக்கர் சரி, முனைகள் சரி. விழுந்ததில் பெரும்பகுதி மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதியில் இருந்தது. புதிய சுவிட்ச் பொருத்தி, வெளியே தள்ளிச் சென்று இன்ஜினை ஓட்டினார்கள். தரையிறங்கும் விளக்கைப் போட்டும் முள் அசையாமல் நின்றது.

செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி, தேதியிட்டு, உரிம எண்ணுடன் கையெழுத்திட்டார் மூத்தவர். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இன்னொருவர் வானில் ஏறுகிறார்.

ரசீதில் சுவிட்சின் விலை கொஞ்சம், தேடிய நேரத்தின் கூலி அதிகம். அதற்கு முகம் சுளிக்கும் உரிமையாளர்கள் உண்டாம். ஆல்டர்னேட்டரை மாற்றியிருந்தால் செலவு இன்னும் கூடியிருக்கும். கோளாறும் அங்கேயே இருந்திருக்கும். இந்தத் தொழிலில் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, மாற்றுவது சிறிய வேலை. கூலியும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.