உள் டயர்

கனடாவில் லொறி ஓட்டும் எங்கள் மாமா ஒருவர், டயர்களில் இரும்புச் சங்கிலி சுற்றிய படம் ஒன்றை உம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். அவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பெரிய லொறிகளில் சங்கிலி இருந்தே ஆக வேண்டுமாம். வாப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அவங்கட ஐஸுக்குச் சங்கிலி ஈக்கி. எங்கட சேத்துக்கு என்னத்தக் கட்டுற?"

ஹுன்னஸ்கிரியவில் ஐஸ் விழுவதில்லைதான். ஆனால் டிசம்பரில் வடகீழ் பருவமழை தொடங்கினால், முற்றத்தில் நிற்கும் லொறியே வாசலிலிருந்து தெரியாது. வாப்பா கண்டியிலிருந்து சீமெந்து ஏற்றிக்கொண்டு, உடதும்பறை தாண்டிப் பதினெட்டு வளைவு இறங்கி மஹியங்கனைக்குப் போவார். (பாதையைப் பெருப்பித்த பின் வளைவுகள் 17 தான் என்பார்கள். பெயரை யாரும் மாற்றவில்லை.)

நானா கட்டாருக்குப் போனதிலிருந்து விடியப்புறம் டோர்ச் பிடிப்பது என் வேலை. பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், வைப்பர் ரப்பர் எல்லாம் பார்ப்போம். லைட்டில் அப்பிய சேற்றைத் துடைப்பேன். பிறகு வாப்பா ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டுவார். காற்று இருந்தால் கம்பி துள்ளும். குறைந்திருந்தால் 'தொப்'பென்று அமுங்கிய சத்தம் வரும். பின்னால் இரட்டை டயர் என்பதால், உள் டயரில் காற்றில்லாவிட்டாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது.

ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்பது வாப்பாவின் சட்டம். பௌதிகவியல் படிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரக்கோடு 6000 கிலோகிராம் லொறி 100 மீற்றர் உயரம் இறங்கினால் இழக்கும் அழுத்த சக்தி 60 இலட்சம் யூல். அவ்வளவும் வெப்பமானால் ஏறத்தாழ 19 லீற்றர் பச்சைத் தண்ணீர் கொதித்துவிடும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர் அந்தச் சூடு முழுவதையும் பிரேக்குக்கே கொடுக்கிறார். கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. சிறிய கியரில் வந்தால் பெரும் பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். கொப்பியைக் காட்டினேன். "இதத்தானே நான் இருவது வருஷமாச் சொல்ற?" என்றார்.

2024 டிசம்பரில் ஒரு நாள் டோர்ச்சை வழக்கத்தை விட உள்ளே சாய்த்துப் பிடித்தேன். இடப்பக்க உள் டயர் வழவழவென்று இருந்தது. தண்ணீரை வழித்துத் தள்ளும் வெட்டு ஒன்றுகூட இல்லை.

"வாப்பா, இது..."

"தெரியும் மகள். ஜனவரி முடியட்டும். உம்மாக்குச் சொல்லவாணாம்."

ஜனவரியில் கண்டியில் எனக்குப் புதிய பிரத்தியேக வகுப்பு தொடங்கவிருந்தது. அதற்கான காசை முதல் கிழமைதான் என் கையில் தந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். டயருக்குப் பயந்தேனா, வகுப்பு போய்விடும் என்று பயந்தேனா? இரண்டாவதுதான் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் ரேடியோவில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை சொன்னார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. எங்கள் பக்கம் செம்மஞ்சள். இஷா தொழுது முடித்தும் வாப்பா வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. உம்மா தஸ்பீஹோடு ஜன்னலடியில் இருந்தார். எனக்கு அந்த வழவழப்பு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த நாள் காலை 9 மணிக்கு லொறி வந்தது. "மிஸ்டு. உடதும்பறையில நிப்பாட்டிப் படுத்த" என்றார். இடப்பக்கப் பலகை முழுக்கச் செம்மண். க்ளீனர் மல்லியிடம் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். திரும்பி வரும்போது லொறி வெறுமை. பின்னால் பாரம் இல்லாவிட்டால் ஈரத்தில் டயர் இன்னும் மோசமாக வழுக்கும். ஒரு வளைவில் பின்பக்கம் இழுத்துப்போய் காணுக்குள் இறங்கியிருக்கிறது. நல்ல வேளை, அது மலைப்பக்கம்.

நான் உள்ளே போய், காசைப் பைதகரஸ் கொப்பிக்குள்ளிருந்து எடுத்து உம்மாவின் கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உம்மாவும் வாப்பாவோடு பேசவில்லை. வீட்டில் பூனை மட்டும்தான் சத்தம் போட்டது.

மூன்றாம் நாள் ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த டயர் இரண்டு வந்தன. ஜனவரி, பெப்ரவரிப் பாடங்களை ஒரு சிநேகிதியின் கொப்பியைப் பார்த்து எழுதினேன். மார்ச்சில்தான் வகுப்பில் சேர்ந்தேன். வாப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் டயர் பூட்டிய மறுநாள் விடியப்புறம், டோர்ச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டு இரும்புக் கம்பியை என்னிடம் நீட்டினார்.

"தட்டுங்க மகள். உள் டயரையும் தட்டுங்க."