தந்திக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர்

பெரம்பூரில் கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்கு வரும் கருவிகளில் உடைந்தவை குறைவு. பெரும்பாலானவற்றில் கண்ணுக்குத் தெரிகிற குறை எதுவும் இருக்காது. பாலிஷ் மங்காமல், சிலவற்றில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழிபடாமல் இருக்கும். "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர், ஆனா வாசிக்க வர மாட்டேங்குது" என்று சொல்லித்தான் மேஜைமேல் வைக்கிறார்கள்.

ரயில்வே பணிமனையும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தேவாலயங்களும் சேர்ந்து வளர்ந்த பகுதி என்பதால் பெரம்பூருக்கும் கிட்டாருக்கும் பழைய உறவு. இன்று சென்னையில் வாரம் தவறாமல் பேஸ் கிட்டார் ஒலிக்கும் இடம் எதுவென்று கேட்டால், சினிமா ஒலிப்பதிவுக் கூடத்துக்கு முன்பாகத் தேவாலயத்தைச் சொல்வேன். பட்டறையை நடத்தும் மாஸ்டரிடம் வரும் வேலையில் பெரும்பகுதி அங்கிருந்துதான். தச்சு வேலையில் தொடங்கி, மெல்லிசைக் குழுக்காரர்களின் கிட்டார்களை ஒட்டிக் கொடுத்து, அப்படியே இந்தத் தொழிலுக்குள் வந்தவர் அவர். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நின்றுகொண்டு பேச வேண்டிய அறை. சுவரில் அரங்கள் தடிமன்வாரியாகத் தொங்குகின்றன. மேஜைமேல் உப்புத்தாள், ஆலன் கீ, ஃபீலர் கேஜ், வாகனப் பட்டறைகளில் புழங்கும் அதே இரும்பு ஸ்கேல்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது, "என்ன வாசிப்பீங்க?" என்பதுதான். பிக் வைத்து அடித்து வாசிப்பவருக்கும் விரலால் மெதுவாக மீட்டுபவருக்கும் ஒரே கிட்டார் இரண்டு விதமாக அமைய வேண்டும். பலமாக அடித்தால் தந்தி அகலமாக ஆடும், அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். மெதுவாக வாசிப்பவருக்கு அவ்வளவு இடம் தேவையில்லை, தந்தியை இன்னும் தாழ்த்தலாம். வாசிப்பவரைத் தெரிந்துகொள்ளாமல் கிட்டாரைச் சரி செய்ய முடியாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். "வேற யாருக்கோ செட் பண்ணினதை வாங்கிட்டு வந்து வரலைன்னு சொன்னா, அது எப்படி வரும்?"

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளோடு ஒரு அம்மா வந்திருந்தார். "பாப்பாவுக்கு விரல் வலிக்குதுன்னு அழுவுறா சார். வாத்தியாரு பழகப் பழகச் சரியாயிரும்ங்கிறாரு." மாஸ்டர் அந்தக் கிட்டாரை மடியில் சாய்த்து, விரல்பலகையின் குறுக்கே ஓடும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதற்கு மேல் ஸ்கேலை நிறுத்தினார். தடித்த தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இரும்புத் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் அங்கே இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் போதும். அந்தப் பெண்ணின் இடக்கை விரல் நுனிகள் சிவந்து தடித்திருந்தன.

இந்த உயரத்துக்கு இங்கே எல்லோரும் சொல்வது 'ஆக்‌ஷன்'. ஆக்‌ஷன் கூடினால் வலி மட்டும் கூடுவதில்லை. தந்தியை அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது அது இழுபட்டு, சுருதி மேலே ஏறிவிடும். திறந்த தந்திகள் ஆறும் சுத்தமாகச் சேர்ந்திருக்கும், கார்டு பிடித்தால் மட்டும் பிசகும். குழந்தை தன் காதைச் சந்தேகப்படும், விரலைச் சந்தேகப்படும். நாலாயிரம், ஐந்தாயிரம் கொடுத்து வாங்கிய கிட்டார் சில மாதங்களில் பீரோமேல் ஏறுவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம் இதுதான். அதைச் சோம்பல் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது கோபம் வருகிறது. விற்கிற கடையில் ஒரு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு, ஒரு பிள்ளை 'எனக்கு இசை வராது' என்ற தீர்ப்பை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறது.

மாஸ்டர் தந்திகளைக் கழற்றி, பிரிட்ஜிலிருந்து தந்திகளைத் தாங்கும் சேடிலை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். அந்த ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் இருப்பதால் வரும் கணக்கு. பிறகு தலைப்பக்கத்து நட்டில் ஒவ்வொரு தந்தியின் வெட்டையும் அதற்கேற்ற அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இங்கேதான் கை நிதானம் வேண்டும். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசும், மாட்டெலும்பில் புது நட் செதுக்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் அந்தப் பெண் எஃப் கார்டு பிடித்தாள். கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் தடுக்கி விழும் முதல் படி அது. ஆறு தந்தியும் ஒலித்தன. அம்மாவுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. மகளுக்குப் புரிந்தது, திரும்பத் திரும்ப அதையே அடித்துக்கொண்டிருந்தாள்.

கடையில் வாங்கும்போது சரியாக இருந்ததும் வீட்டில் மாறிவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரின் ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது கிலோ இழுவிசையை அந்த மெல்லிய மரப்பெட்டியின் மேல் சுமத்துகின்றன. ராப்பகலாக அந்த இழுப்பு உண்டு. நெக் வில்லாக வளையாமல் இருக்க, அதற்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1920-களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டாகியும் அதே யோசனைதான் உலகமெங்கும் ஓடுகிறது. ஆனால் கம்பி இழுவிசையைத்தான் சமாளிக்கும், காற்றைச் சமாளிக்க முடியாது. தரமான கிட்டார்த் தொழிற்சாலைகள் 45, 50 சதவீத ஈரப்பதத்தில் அறையை வைத்து மரத்தை இழைக்கின்றன. சென்னைக் காற்றில் பெரும்பாலான நாட்கள் அது எழுபதைச் சுற்றியே நிற்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பலகை மேடிடும், பிரிட்ஜ் உயரும், அதோடு ஆக்‌ஷனும் ஏறும். இரவில் ஏசி அறை, பகலில் கூடம் என்று மாறி மாறி இருந்தால் இன்னும் மோசம். விரல்பலகை காய்ந்து சுருங்கி, ஃப்ரெட்டின் உலோக முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். "மரம் செத்துப் போச்சுன்னு நெனைக்கிறாங்க. அது இன்னும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர், அரத்தால் அந்த முனைகளை மழுக்கியபடி.

நான் அங்கே அதிக நேரம் பார்த்தது ஒரு ஐந்து தந்தி பேஸை. பட்டாளம் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் வாசிக்கும் இளைஞர் கொண்டுவந்திருந்தார். "பிரதர், பி ஸ்ட்ரிங் தொளதொளன்னு கெடக்கு. சவுண்டே தெளிவா இல்ல."

பேஸ் கிட்டார் இன்றிருக்கும் வடிவத்துக்கு 1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் அடித்தளம். ஆளுயரப் பெரிய பேஸைத் தூக்கித் திரிந்தவர்கள் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கிடைத்தது. ஃப்ரெட் இருந்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது. தந்தியின் நீளத்தை 34 அங்குலம் என்று அவர் வைத்தார், இன்றும் அதுவே வழக்கம். ஆனால் அது நான்கு தந்திக்கான அளவு. கடைசித் தந்தி ஈ, நொடிக்கு 41 அதிர்வு. தேவாலயத்தில் சபையார் எல்லோரும் பாடும் சுருதிக்குப் பாட்டைக் கொண்டுவரும்போது டி, டி ஃபிளாட் என்று அதற்கும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐந்தாம் தந்தியாக பி. அதன் அதிர்வு 31. அதே 34 அங்குலத்தில் அவ்வளவு கீழே இறங்கினால் தந்தி தளரும். தளராமல் இருக்கத் தந்தி கனக்க வேண்டும், அல்லது நீள வேண்டும். சில நிறுவனங்கள் நீளத்தை 35 அங்குலமாக்கியது இதற்காகத்தான். விலை குறைந்த பேஸில் இரண்டும் நடப்பதில்லை.

மாஸ்டர் பழைய தந்தியைக் கழற்றி 130 கேஜ் தந்தியை எடுத்தார். அது நட்டின் வெட்டில் உட்காரவில்லை, அதனால் வெட்டை அகலமாக்கினார். மாட்டியபின் சேடிலுக்கு மேலே தந்தியைக் கட்டை விரலால் அழுத்தி, அங்கே ஒரு முறிவு விழும்படி செய்தார். தடித்த தந்தி சேடிலில் வளைந்து வளைந்து ஏறினால் அது எங்கிருந்து அதிர்கிறது என்பதே குழம்பும். முறிவு விழுந்தால் அதிர்வு அங்கே தெளிவாகத் தொடங்கும். பிறகு முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, நடுவில் எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஃபீலர் கேஜை நுழைத்தார். நெக் அங்கே இம்மி குழிந்திருக்க வேண்டும். கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். தந்தியின் ஆட்டம் நடுவில்தானே பெரியது. ஆலன் கீயைக் கால் சுற்றுத் திருப்பி, பேஸைச் சுவரோரம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மரம் புது இழுப்புக்கு இணங்க நேரம் கொடுக்க வேண்டுமாம்.

இந்த வேலைக்கு நடுவே அவர் சொன்ன இன்னொன்று முக்கியமானது. பேஸில் சத்தமில்லை என்ற புகாரில் பாதி பேஸைப் பற்றியதே அல்ல. வீட்டில் எட்டு அங்குல ஸ்பீக்கரில் வாசித்துப் பார்க்கிறார்கள், அல்லது கைப்பேசியில் பதிந்து கேட்கிறார்கள். 31 அதிர்வை அந்த ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அவர் தன் அறையில் பதினைந்து அங்குலப் பெட்டி ஒன்றை வைத்திருப்பது விற்பதற்கல்ல, வந்தவருக்குத் தன் கருவியைத் தானே கேட்கக் கொடுப்பதற்கு. நம் காது பேஸை இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேட்டு வளர்ந்தது. அந்த நாதத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவரும் கருவி வாங்குகிறார்கள். அதில் கருவியின் பங்கு எவ்வளவு, விரலின் பங்கு எவ்வளவு, ஒலிப்பதிவுக் கூடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

விலை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, லட்சத்தைத் தாண்டிய பேஸ் ஒன்று அன்று மேஜையில் இருந்தது. மெல்லிய ஜி தந்தியில் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் சுரம் பிறந்த உடனே அணைந்துபோகிறது. 'டெட் ஸ்பாட்' என்பார்கள். நெக்கின் இயல்பான அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்றிவிடும்போது, தந்தியின் ஆற்றலை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. போல்ட் போட்டு நெக்கை மாட்டும் பேஸ்களில் இதே இடத்தில் அடிக்கடி காண்பதுதான். மாஸ்டர் ஒரு சிறிய சி-கிளாம்பைத் தலைப்பகுதியில் கவ்வவிட்டு, "இப்ப வாசிங்க" என்றார். ஐந்தாவது ஃப்ரெட் பிழைத்துக்கொண்டது, ஆனால் ஓட்டை மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நகர்ந்தது. எடை கூடியதால் நெக்கின் அதிர்வு கீழே இறங்கிவிட்டது. "இது குத்தமில்ல சார். இந்த மரத்தோட குணம். எங்க இருந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்லையோ அங்க தள்ளி விடலாம், எடுக்க முடியாது" என்று நேராகச் சொன்னார். எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாததற்காகவே அந்த அறையின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பட்டறையில் மின் வேலை பார்ப்பவர் ஐடிஐ படித்த ஒரு பெண். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் வரும் 'ஹம்' இரைச்சல் பற்றிய புகார் அவரிடம்தான் போகும். இங்கே வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதைச் சுருள் வாங்கிப் பாடும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அதை அடக்கும் ஹம்பக்கரை 1955-இல் சேத் லவர் உருவாக்கினார். "தந்தியைத் தொட்டா சத்தம் கொறையுதா, கூடுதா?" என்பது அவர் கேட்கும் முதல் கேள்வி. குறைந்தால் கருவிக்குள் எர்த் சரியாக இருக்கிறது, உள்ளே தகடு ஒட்டினால் போதும். கூடினால் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கும். கையில் ஷாக் அடிக்கிறது என்றால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்கிறார்.

மூலையில் கழற்றி வைத்திருந்த விரல்பலகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கருஞ்சிவப்பு, நல்ல கனம். ஈட்டி மரம். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் வளரும் இந்த மரம்தான் 'இந்தியன் ரோஸ்வுட்' என்ற பெயரில் உலகமெங்கும் கிட்டார்களுக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இதற்கு மாறியது. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டம் வந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் போனது. கிட்டார் நிறுவனங்கள் வேறு மரம் தேடி ஓடின. தயாரித்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்குக் கிடைத்தது. நம் மலையில் வளர்ந்த மரம் கடல் தாண்டிப் போய், கிட்டாராகத் திரும்பி வந்து, பெரம்பூரில் ஃப்ரெட் மாற்றிக்கொள்கிறது. அதை இழைக்கத் தெரிந்த கைகளும் இங்கேயே இருக்கின்றன. செட்டப்புக்கு அவர் வாங்கும் ஆயிரம் ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள் மட்டும் குறைவு. ஐம்பதாயிரம் ரூபாய்க் கிட்டார் வைத்திருப்பவர்தான் அதிகம் பேரம் பேசுகிறார் என்பதை நானே பார்த்தேன்.

ஐந்து தந்தி பேஸை எடுக்க அந்த இளைஞர் மாலையில் வந்தார். பெரிய பெட்டியில் மாட்டி பி தந்தியை மீட்டினார். மேஜையில் கிடந்த ஃப்ரெட் துணுக்குகள் அதிர்ந்தன. மூன்று நான்கு முறை அதையே வாசித்துவிட்டு, மேல் சுரங்களுக்குப் போனார். நாலாவது ஃப்ரெட்டில் லேசாக 'பஸ்' அடித்தது. மாஸ்டர் வாங்கிப் பார்த்து, சேடில் திருகை அரைச் சுற்று ஏற்றிக் கொடுத்தார். மறுபடி வாசித்தபோது அது இல்லை.

"கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இன்னொரு பேஸ் இருக்கு பிரதர். டிசம்பர்ல கொண்டாரட்டுமா?"

"நவம்பருக்குள்ள கொண்டாங்க. மழையில ஊறினதை வந்த அன்னிக்கே செட் பண்ண முடியாது. நாலஞ்சு நாள் இங்க கெடந்து காயணும். தந்தி மட்டும் முன்னாடியே வாங்கிருங்க, 130 இருந்தாத்தான் வேலையாகும்."