சம்பந்தியம்மாளின் கடிதம்



கடந்த ஓராண்டாக அதிகாலை ஜெபத்திற்குப் பின்பும் என் படிப்பறையில் விளக்கு எரிவதைக் கண்ட சபையார் சிலர், ஐயர் ஏதோ விசேஷித்த வேத ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறார் என்று எண்ணியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில், ஆசிரியர் எவருமின்றி, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நூலை வைத்துக்கொண்டு ரஷ்ய மொழியின் இலக்கணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தையும் உங்களிடம் மறைக்கலாகாது. மருத்துவம் படிக்க கசான் நகருக்குச் சென்ற என் மகன், உடன் படித்த ரஷ்யப் பெண்ணை அங்கேயே மணந்துகொண்டான். நான் சம்மதிக்கவில்லை, திருமணத்திற்குப் போகவுமில்லை. எத்தனையோ குடும்பங்களை ஒப்புரவாக்கிவைத்த நான், என் சொந்த வீட்டில் செய்தது இதுதான். அடுத்த மாதம் பெண்ணின் தாயாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்தில் இரண்டு பக்கம், முழுவதும் ரஷ்ய மொழியில். மேசையின் இழுப்பறைக்குள் அதைப் போட்டுப் பூட்டினேன். மூன்று ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

பின்பு பேத்தி பிறந்தாள். ஒரு நாள் காணொளி அழைப்பில் அவள் என்னை நோக்கி மழலையில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் நரைத்த தலையுடைய ஓர் அம்மாள் நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார்கள். அன்றிரவு இழுப்பறையைத் திறந்தேன். மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடிதம் மூன்று ஆண்டுகள் பூட்டிக்கிடந்ததை அவனிடம் சொல்ல எனக்கு முகமில்லை. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியும் அந்தக் கையெழுத்தின் முன் தோற்றுப்போனது.

எழுத்துகள் முப்பத்து மூன்று. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்திருந்ததால் பாதி எழுத்துகள் பழைய சிநேகிதரைப்போல் எதிர்ப்பட்டன. அச்செழுத்து இரண்டு வாரத்தில் கைவந்தது. கையெழுத்தோ வேறு உலகம். அதில் ‘த’ ஒலிக்குரிய எழுத்து ஆங்கில ‘எம்’ போலவும், ‘த’கரத்தின் மெல்லிய ஒலிக்குரியது ஆங்கில ‘ஜி’ போலவும் இருக்கும். சில சொற்கள் வெறும் கொக்கிகளின் வரிசையாகவே தோன்றும்.

சில இடங்களில் இந்த மொழி நம் வீட்டு மொழிபோலவே பேசுகிறது. “நான் போதகர்” என்று சொல்ல நமக்கு இடையில் வேறொரு வினை வேண்டியதில்லை; அவர்களுக்கும் வேண்டியதில்லை. “என்னிடம் புத்தகம் உண்டு” என்று நாம் சொல்லும் விதமாகவே அவர்களும் சொல்லுகிறார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. வேற்றுமைகள் ஆறு. எட்டு வேற்றுமை கற்றவனுக்கு ஆறு பெரிதா என்று நினைத்தேன். பெயர்ச்சொல் மாறும்போது அதன் முன்னுள்ள பெயரடையும் கூடவே மாற வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டுமல்லாத பால். முணுமுணுத்த நாட்களில் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை நினைத்துக்கொள்வேன். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. நம்முடைய உயர்திணை அஃறிணையோடு அவர் எவ்வளவு போராடியிருப்பார்!

என்னை நிறுத்திவைத்தது வினைச்சொல். ரஷ்ய மொழியில் பெரும்பாலும் ஒரு செயலுக்கு இரண்டு வினைகள் உண்டு. ஒன்று நடந்துகொண்டிருப்பதையும் திரும்பத் திரும்ப நடப்பதையும் சொல்லும். மற்றது செய்து முடித்ததைச் சொல்லும். நாம் ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்றும் ‘எழுதிவிட்டேன்’ என்றும் சொல்லுவதைப்போல. அவர்களுக்கு அவை பிசாத், நபிசாத் என்னும் வெவ்வேறு வினைகள். முடிந்ததைச் சொல்லும் வினைக்கு நிகழ்காலமே கிடையாது. முடித்தாயிற்று, அல்லது முடிக்கப்போகிறோம், அவ்வளவுதான். அந்தப் பாடத்தின் பயிற்சியில், “அவன் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான், ஆனால் எழுதி முடிக்கவில்லை” என்ற கருத்தில் ஒரு வாக்கியம் அமைக்க வேண்டியிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அகராதியின் துணையோடு கடிதத்தை வாசித்து முடிக்க எட்டு அதிகாலைகள் ஆயின. தொடக்கத்திலேயே ‘ஸ்வாத்’ என்று என்னையும், ‘ஸ்வாத்யா’ என்று என் மனைவியையும் விளித்திருந்தார்கள். சம்பந்தி என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒரு சொல் இல்லை, ரஷ்யரிடம் இருக்கிறது. என் மகன் முதல் குளிர்காலத்தில் காய்ச்சலாய்க் கிடந்தபோது தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதை எழுதியிருந்தார்கள். பின்பு, நீங்கள் இல்லாமல் திருமணம் நடந்துவிட்டது, எங்களை மன்னியுங்கள் என்று. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான். கடிதத்தின் கடைசிச் சொல் ‘பிரியெஷ்ஷாய்த்யே’. பிரயாணம் செய்து வருகிறவர்களை ‘வாருங்கள்’ என்று அழைக்கும் சொல் அது.

ரஷ்யத் திருச்சபையில் லெந்து காலம் சாம்பல் புதனில் அல்ல, திங்கட்கிழமையில் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாளுக்கு மன்னிப்பின் ஞாயிறு என்று பெயர். அன்று ஒருவரிடத்தில் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். இவ்வாண்டு அந்த நாளில் அழைத்துப் பேசத் தீர்மானித்தேன். ‘மன்னியுங்கள்’ என்பதற்கு எந்த வினை? பேதுரு கேட்ட கேள்விக்கு ஆண்டவர் ஏழெழுபது முறை என்று பதில் சொன்னாரே. எனவே திரும்பத் திரும்ப நடப்பதைச் சொல்லும் வினையே தகும் என்று பிரசங்கியாரைப்போல் யோசித்து, அதையே மனப்பாடம் செய்தேன். திரையில் சம்பந்தியம்மாள் தோன்றினார்கள். கைகூப்பி, “பிரஷ்ஷாய்த்யே” என்றேன்.

அவர்கள் முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் இருந்த மகன் பதறி, “அப்பா, நிரந்தரமாகப் பிரிந்து போகிறவர்கள் விடைபெறச் சொல்லும் வார்த்தை அது!” என்றான். வடிவில் அது நான் தேடிய வினைதான்; வழக்கிலோ அதன் பொருள் அப்படி ஆகிவிட்டிருக்கிறது. செய்து முடிக்கும் வினையைச் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் வியர்த்துப்போய், “பிரஸ்தீத்யே மின்யா” என்றேன். என்னை மன்னியுங்கள்.

அந்த அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டு, அந்த நாளில் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னார்கள்: “போக் பிரஸ்தீத், இ யா பிரஷ்ஷாயு.” தேவன் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன். தேவனுக்கு முடிந்துபோன செயலின் வினை. தமக்கோ இன்னும் நடந்துகொண்டிருக்கும் செயலின் வினை. இம்முறை இலக்கண நூலைத் திறக்காமலேயே எனக்கு விளங்கியது.

நானும் என் மனைவியும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். நடந்து போவதற்கு ஒரு வினை, வாகனத்தில் போவதற்கு வேறொரு வினை என்று கற்பிக்கும் பாடத்தில் இப்பொழுது நிற்கிறேன். அது மிகக் கடினமாயிருக்கிறது. உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.